பசும்புல்லும் பசும்பாலும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கோலாட்டமும் சிறுவர் நாடகமும் இப்பொழுதுதான் முடிந்தன. இன்னும் சிறிது நேரத்தில் பந்தியில் இலை போடுவார்கள். இவ்விரண்டிற்கும் இடையே அணு உலை விபத்து ஒன்றைப் பற்றிப் பேசுவது பொருத்தந்தானா என்று நாங்கள் பெரிதும் தயங்கினோம். செயலாளர் விடவில்லை. “இந்த நிலையத்தின் கதிரியக்கக் காப்புப் பிரிவில் ஆண்டுக்கணக்கில் பணியாற்றியவர்கள் நீங்கள். நீங்கள் பேசாமல் வேறு யார் பேசுவது?” என்றார். எங்களைப் பேச வைத்தது அவருடைய வற்புறுத்தல் மட்டுமன்று. சகோதரி ஒருவர் கேட்ட வினாவும் ஆகும்.

சென்ற ஆண்டு நம் காலனியிலும் சூழவுள்ள ஊர்களிலும் நெருக்கடி கால ஒத்திகை நடைபெற்றது நினைவிருக்கும். ஒலிபெருக்கி வண்டி தெருத்தெருவாக வந்தது. கதவையும் சன்னலையும் சாத்துமாறு கூறிற்று. நாமும் சாத்தினோம். ஒத்திகை முடிந்த மாலையில் நம் சங்கத்துச் சகோதரி ஒருவர், பால் தூக்கைக் கையில் ஏந்தியவாறே எங்களில் ஒருவரை வழிமறித்தார். “ஐயா, கதவைச் சாத்தச் சொன்னீர்கள், சாத்தினோம். அந்த நேரத்தில்தான் பால்காரர் வாசலில் வந்து நின்றார். அவரிடம் பால் வாங்கலாமா, கூடாதா என்று யாருமே சொல்லவில்லையே!” என்று கேட்டார். ஒத்திகைக்கென அச்சிட்டு வந்த தாளை நாங்கள் புரட்டிப் பார்த்தோம். அதில் பாலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்த அம்மையார் அறியாமலே எந்த இடத்தில் விரல் வைத்தார் என்பதைத்தான் இன்று உங்கள் முன் விரித்துரைக்க விரும்புகின்றோம். அதற்கு நாம் உக்ரைன் நாட்டிற்குச் சென்று வர வேண்டும்.

உக்ரைன் நாட்டின் வடக்கே, பெலாரஸ் எல்லையை ஒட்டி, பிரிப்பியத் என்னும் ஆற்றின் கரையில் அதே பெயருடைய நகரம் ஒன்று இருந்தது. ‘இருந்தது’ என்று இறந்த காலத்தில் கூறுவது அந்நகரத்திற்கே தகும். கட்டடங்கள் இன்றும் நிற்கின்றன, குடியிருப்போர்தாம் இல்லை. அது பழம்பெரும் நகரம் அன்று. செர்னோபில் அணுமின் நிலையத்தில் பணிபுரிவோருக்காக 1970இல் உருவாக்கப்பட்ட காலனி. நம் காலனியைப் போலவே நாட்டின் பல திசைகளிலிருந்தும் வந்தவர்கள் அங்கே குடியேறினர். 1986இல் அவர்கள் தொகை ஏறத்தாழ 49,000. அவர்களின் சராசரி வயது 26 என்பர். அவ்வளவும் இளங்குடும்பங்கள்; வீட்டுக்கு வீடு கைக்குழந்தைகள். மே தின விழாவிற்குத் திறப்பதற்கென்று பூங்காவில் பெரிய இராட்டினம் ஒன்றை நிறுத்தியிருந்தார்கள்.

1986 ஏப்ரல் 26, சனிக்கிழமை, பின்னிரவு 1 மணி 23 நிமிடத்திற்கு நான்காம் உலை வெடித்தது. பொறியியல் நுணுக்கங்களை ஈண்டு நாங்கள் நீட்டப் போவதில்லை. மின்சாரம் தடைப்பட்டால், சுழன்று ஓயும் டர்பைனின் எஞ்சிய விசையைக் கொண்டு சிறிது நேரம் குளிர்நீர்ப் பம்புகளை இயக்க இயலுமா என்று சோதனை செய்தார்கள். சோதனைக்கு வேண்டிய அளவிற்கும் மிகக் கீழே உலையின் ஆற்றல் இறங்கிவிட்டது. அதனை மீண்டும் ஏற்றுவதற்காகக் கட்டுப்பாட்டுத் தண்டுகளில் பெரும்பாலானவற்றை வெளியே இழுத்தார்கள். பாதுகாப்பு ஏற்பாடுகள் சிலவும் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன. அவ்வகை உலையில் நீர் ஆவியாக ஆக அணுப்பிளவு தணியாமல் பெருகும். அது அதன் பிறவிக் குற்றம். இறுதியில் உலையை நிறுத்தும் பொத்தானை அழுத்தினார்கள். உள்ளே இறங்கிய தண்டுகளின் முனையில் கிராபைட் இருந்தது. அது முதற்கணத்தில் வேகத்தைக் குறைப்பதற்கு மாறாகக் கூட்டிற்று. அடுப்பை அணைக்க ஊற்றிய நீர் எண்ணெயாக மாறினாற்போன்ற கொடுமை அது. சில நொடிகளில் எல்லாம் முடிந்தது. முதலில் பழி முழுவதும் பணியாளர் தலையில் விழுந்தது. உலையின் அமைப்பிலேயே குற்றம் இருந்ததைப் பன்னாட்டு அணுசக்தி முகமையின் வல்லுநர் குழு 1992இல் வெளியிட்ட அறிக்கை எடுத்துரைத்தது. அவ்வகை உலை நம் நாட்டில் இல்லை. உலையைக் கவிந்து காக்கும் முழுமையான கூடும் அங்கே இருக்கவில்லை. இதனைச் சொல்லுவது உங்களை அச்சுறுத்தாமல் இருப்பதற்காக மட்டுமன்று, உண்மை என்பதற்காகவும் ஆகும். ஆயினும் உலை வேறு என்பதனால் நாம் கற்க வேண்டிய பாடம் வேறாகிவிடவில்லை. பாடம் உலைக்கு வெளியே நடந்தவற்றில் இருக்கின்றது.

உலை பத்து நாட்கள் வரை எரிந்து புகைந்தது. அன்று சனிக்கிழமை காலை பிரிப்பியத் நகரில் என்ன நடந்தது? ஒன்றுமே நடக்கவில்லை என்பதுதான் விடை. பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றார்கள். தாய்மார்கள் குழந்தைகளைத் தள்ளுவண்டியில் வைத்து இளவேனில் வெயிலில் உலவினார்கள். வெடித்து 36 மணி நேரம் கழிந்த பின்னரே, ஞாயிறு பிற்பகல் 2 மணிக்கு, ஆயிரத்திற்கும் மேற்பட்ட பேருந்துகள் வந்து மக்களை ஏற்றின. மூன்று நாட்களில் திரும்பி விடலாம் என்று எண்ணி, பத்திரங்களையும் சிறிது உணவையும் மட்டும் எடுத்துக்கொண்டு புறப்பட்டார்கள். நாய்களையும் பூனைகளையும் விட்டுச் சென்றார்கள். அந்த மூன்று நாட்கள் இன்னும் முடியவில்லை.

வெளியுலகம் இதனை எங்ஙனம் அறிந்தது தெரியுமா? ஏப்ரல் 28ஆம் நாள் காலை, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், சுவீடன் நாட்டு ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் பணியாளர் ஒருவரின் காலணியில் கதிரியக்கம் இருப்பதைக் கருவி காட்டிற்று. தங்கள் உலையில்தான் கசிவோ என்று அவர்கள் முதலில் கலங்கினார்கள். பின்னர்க் காற்று வந்த திசையைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். அன்று இரவுதான் சோவியத் அரசு நான்கைந்து வரிகளில் செய்தி வெளியிட்டது. மே முதல் நாள் கீவ் நகரில் ஊர்வலம் வழக்கம் போல நடந்தது. சிறுவர் சிறுமியர் அதில் நடந்தார்கள்.

இனிப் பாலுக்கு வருவோம்.

உலையிலிருந்து வெளிப்பட்ட பொருள்களுள் அயோடின்-131 என்பது ஒன்று. எட்டு நாட்களுக்கு ஒரு முறை அதன் அளவு பாதியாகக் குறையும். பதினாறு நாட்களில் கால் பங்கு. எண்பது நாட்களில் ஆயிரத்தில் ஒரு பங்கே எஞ்சும். காலம் சிறிது கடந்தால் தானே மறையும் பகைவன் அது. ஆயின் அந்தக் குறுகிய காலத்தில் அது செல்லும் வழியைப் பாருங்கள். காற்றில் வந்து புல்லில் படிகின்றது. ஒரு மனிதன் ஒரு நாளில் கைப்பிடி கீரைதான் உண்ணுவான். பசுவோ பெரும் புல்வெளி ஒன்றை மேய்ந்து, அங்கே பரவிக் கிடந்த நஞ்சையெல்லாம் தன் உடலில் திரட்டி, ஓரிரு நாட்களுக்குள் மடியில் பாலோடு சேர்த்து விடுகின்றது. அந்தப் பாலை யார் மிகுதியாகக் குடிப்பது? குழந்தை. அயோடின் எங்கே சென்று தங்கும்? கழுத்தில் உள்ள தைராய்டு சுரப்பியில். பிறந்த குழந்தைக்கு அந்தச் சுரப்பி ஒரு கிராம் அளவே இருக்கும். வளர்ந்தவர்களுக்குப் பதினைந்து, இருபது கிராம். ஒரே அளவு நஞ்சு பெரிய பாத்திரத்தில் விழுவதற்கும் சிறு கிண்ணத்தில் விழுவதற்கும் உள்ள வேறுபாட்டை உங்களுக்கு நாங்கள் சொல்லித்தர வேண்டுவதில்லை. மேலும் அந்த வட்டாரத்து மண்ணில் இயற்கையிலேயே அயோடின் குறைவு. அயோடினுக்கு ஏங்கிக் கிடந்த சுரப்பிகள், வந்ததை எல்லாம் வாரி விழுங்கின.

பாலின் வழி புதிதாக அப்பொழுதுதான் கண்டறியப்பட்டதோ எனில், அன்று. 1957 அக்டோபரில் இங்கிலாந்து நாட்டு விண்ட்ஸ்கேல் என்னும் இடத்தில் அணு உலை ஒன்று தீப்பற்றியது. அப்பொழுது சுமார் 500 சதுர கிலோமீட்டர் பரப்பிலிருந்த பண்ணைகளின் பாலைக் கறக்கக் கறக்கக் கொட்டிவிட்டார்கள். அதற்கு இருபத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின்னர் செர்னோபில் நிகழ்ந்தது. பிரிப்பியத் நகரத்தில் அயோடின் மாத்திரைகளையேனும் வழங்கினார்கள். ஆனால் உக்ரைன், பெலாரஸ் நாடுகளின் எத்தனையோ சிற்றூர்களில், வீட்டுக்கு ஒரு பசு வைத்திருந்த எளிய மக்களுக்கு, மாத்திரையும் காலத்தில் வரவில்லை. பாலைக் கொடுக்க வேண்டாம் என்ற சொல்லும் காலத்தில் வரவில்லை. பெலாரஸ் நாட்டுக் கோமெல் வட்டாரத்தில் அந்நாட்களில் மழையும் பெய்தது. வானிலிருந்த நஞ்சு நிலத்தில் இறங்கிற்று. குழந்தை நன்றாக வளர வேண்டும் என்று தாய் தன் கையாலேயே கறந்து, காய்ச்சி, ஆற்றிக் கொடுத்தாள். காய்ச்சினால் கிருமி சாகும், கதிரியக்கம் சாகாது.

சிறுவர்க்குத் தைராய்டு புற்றுநோய் வருவது மிக மிக அரிது. பத்து இலட்சம் சிறுவரில் ஆண்டுக்கு ஒருவருக்கு வந்தாலே மிகுதி. 1990ஆம் ஆண்டையொட்டிப் பெலாரஸ் மருத்துவர்களிடம் அத்தகைய சிறுவர்கள் அடுத்தடுத்து வரத் தொடங்கினர். 1992இல் அம்மருத்துவர்கள் ‘நேச்சர்’ என்னும் அறிவியல் இதழில் இதனை எழுதிய பொழுது, மேலைநாட்டு அறிஞர் பலர் நம்பவில்லை. இவ்வளவு விரைவில் வராது என்றும், தேடிப் பார்ப்பதனால் தென்படுகின்றது என்றும் வாதிட்டனர். மெய் மருத்துவர் பக்கம் இருந்தது. விபத்தின் பொழுது 18 வயதிற்கு உட்பட்டிருந்தவர்களுள், பெலாரஸ், உக்ரைன் இரண்டிலும் ரஷ்யாவின் மிகவும் பாதிக்கப்பட்ட நான்கு வட்டாரங்களிலும், 1991 முதல் 2015 வரை ஏறக்குறைய 19,000 பேருக்குத் தைராய்டு புற்றுநோய் கண்டது. அவற்றில் நான்கில் ஒரு பங்கு கதிரியக்கத்தால் விளைந்தது என்பது ஐக்கிய நாடுகள் சபையின் அறிவியல் குழு செய்த மதிப்பீடு. எஞ்சியவை மக்கள் வயது முதிர்ந்ததாலும், முன்னிலும் நுட்பமாகத் தேடியதாலும் வெளிப்பட்டவை. இறந்தவர்கள் மிகச் சிலரே. 2005 வரை கண்டறிந்த சுமார் 6,000 பேரில் 15 பேர். அறுவை மருத்துவம் அத்தனை பேரைக் காத்தது. ஆயினும் பிழைத்தவர்களில் பெரும்பாலோர் வாழ்நாள் முழுதும் நாள்தோறும் மாத்திரை விழுங்க வேண்டும். கழுத்தின் அடியில் பிறை போன்று படிந்த தழும்பை அங்கே ‘செர்னோபில் கழுத்தணி’ என்பார்கள். பெண் பிள்ளைகளுக்கு அந்த அணி எத்தனை சுமையாக இருந்திருக்கும் என்பதை இங்குள்ள தாய்மார்கள் எங்களைவிட நன்கு அறிவீர்கள்.

தவிர்த்திருக்க முடியாதா? முடிந்திருக்கும். அண்டை நாடாகிய போலந்து, காற்றில் கதிரியக்கம் இருப்பதைத் தன் கருவிகளால் அறிந்தவுடன், மேலிடத்துச் செய்திக்குக் காத்திராமல், சில நாட்களுக்குள் ஏறத்தாழ ஒரு கோடிக் குழந்தைகளுக்கு அயோடின் மருந்து கொடுத்தது. பசுக்களை மேய்ச்சலுக்கு விடாமல் தடுத்தது. குழந்தைகளுக்குப் பால்பொடி வழங்கிற்று. பாலை வீணாக்கவும் வேண்டுவதில்லை. பொடியாகவோ பாலாடைக் கட்டியாகவோ ஆக்கி மூன்று திங்கள் வைத்திருந்தால் அயோடின் தானே அழிந்துவிடும். எட்டு நாட்களில் பாதியாகும் பொருளுக்கு எதிராக வேண்டியிருந்தது பெரிய விஞ்ஞானம் அன்று. ‘இரண்டு மாதம் பால் கொடுக்காதீர்கள்’ என்ற ஒரே ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்தைச் சொல்லாமல் விட்டதன் விளைவு நாற்பது ஆண்டுகளை எட்டுகின்றது. சகோதரியின் வினாவுக்கு இதுதான் எங்கள் விடை. அத்தகைய நாளில், அளந்து பார்த்துத் தக்கது என்று அறிவிக்கும் வரை, பால்காரரிடம் வாங்கலாகாது; அவருடைய பிள்ளைகளும் அந்தப் பாலைக் குடிக்கலாகாது.

ஏனைய உடற்கேடுகளைச் சுருக்கமாகச் சொல்லுகின்றோம். அன்றிரவு நிலையத்தில் இருந்தோரிலும் தீயணைக்கச் சென்றோரிலும் 134 பேர் கடுங் கதிர்வீச்சு நோய்க்கு ஆளாயினர். அவர்களுள் 28 பேர் சில திங்களுக்குள் இறந்தனர். வெடிப்பினால் இறந்த இருவர் இதில் சேரார். அதன் பின்னர் துப்புரவுப் பணிக்கென்று நாடெங்கிலுமிருந்து ஏறத்தாழ ஆறு இலட்சம் பேர் அழைக்கப்பட்டனர். ‘லிக்விடேட்டர்’ என்பது அவர்களுக்கு வழங்கிய பெயர். எந்திரங்கள் பழுதான கூரையின் மீது, மண்வெட்டியோடு ஏறி, ஓரிரு நிமிடம் கிராபைட் துண்டுகளை வாரி எறிந்துவிட்டு ஓடி வந்தவர்களும் அவர்களில் உண்டு. அவர்கள் பெற்ற கதிர்வீச்சு சராசரியாக 120 மில்லிசீவர்ட். 1986இல் இடம் பெயர்ந்த மக்கள் பெற்றது சராசரியாக 30. உலகில் எல்லோரும் இயற்கையிலிருந்தே ஆண்டுக்குச் சுமார் இரண்டரை பெறுகின்றோம். நம் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கருமணல் காரணமாக இன்னும் மிகுதி. லிக்விடேட்டர்களிடையே இரத்தப் புற்றுநோயும் கண்புரையும் மிகுந்ததற்குச் சான்றுகள் கிடைத்துள்ளன.

மொத்தத்தில் எத்தனை பேர் இறந்தார்கள், இனி இறப்பார்கள் என்னும் வினாவிற்கு ஒரே விடை இல்லை. மிகுதியாகப் பாதிக்கப்பட்ட ஆறு இலட்சம் பேரில் முடிவாக 4,000 பேர் வரை புற்றுநோயால் இறக்கலாம் என்று 2005இல் ஐக்கிய நாடுகளின் அமைப்புகள் கூடிய செர்னோபில் மன்றம் கணித்தது. கிரீன்பீஸ் இயக்கம் 2006இல் 93,000 என்றது. இரு தரப்பாரையும் பொய்யர் என்று கூறிவிட முடியாது. சிறு அளவுக் கதிர்வீச்சு கோடிக்கணக்கானவர்மேல் பரவினால், புள்ளிவிவரத்தின் இரைச்சலுக்குள் அதன் விளைவு மறைந்துவிடும். எந்த எல்லைவரை கணக்குப் போடுவது என்பதிலேயே எண் மாறுகின்றது. ஓர் எண்ணை மட்டும் உரத்துச் சொல்பவர் எவராயினும், அவர் எந்த எல்லையை எடுத்துக்கொண்டார் என்று கேளுங்கள்.

அதே சகோதரி மற்றொரு வினாவையும் கேட்டார். அதனை உரக்கக் கேட்கவில்லை. சிறிது தயங்கித் தாழ்ந்த குரலில் கேட்டார். “ஊரில் பெண்ணுக்கு வரன் பேசும்பொழுது, அணு உலைக் காலனியில் வளர்ந்த பெண் என்று பின்வாங்குகின்றார்கள் ஐயா. பிள்ளைப்பேற்றில் ஏதேனும் குறை வருமா?” இங்கே தலைகள் சில அசைவதைக் காண்கின்றோம், இந்த வினா அவருடையது மட்டுமன்று போலும். இதற்கு ஐயத்திற்கு இடமின்றி விடை கூறலாம். 2021இல் ‘சயன்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. செர்னோபில் லிக்விடேட்டர்களுக்கும் இடம் பெயர்ந்தவர்களுக்கும் விபத்திற்குப் பின்னர்ப் பிறந்த 130 பேரின் மரபணுக்களைப் பெற்றோரின் மரபணுக்களோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டார்கள். புதிய மாற்றங்கள் பிறரைவிட மிகுந்திருக்கவில்லை. உலை வெடித்த இடத்தில் நின்றவர்களின் பிள்ளைகளுக்கே அதுதான் முடிவு. மார்பில் அளவு வில்லை அணிந்து, வரம்பிற்குள் பணி செய்து, மாலையில் வீடு திரும்புபவர்களின் பெண்களைப் பற்றி ஐயுறுவதற்கு என்ன இருக்கின்றது? வரன் வீட்டார்க்கு இதனை எடுத்துரையுங்கள். கேளாவிடின், அவ்வீட்டில் பெண் கொடாதிருப்பதே நலம் என்பது எங்கள் தனிப்பட்ட கருத்து.

அச்சம் எவ்வளவு கொடிது என்பதற்கு ஒரு சான்று உண்டு. செர்னோபிலிலிருந்து வெகு தொலைவில் உள்ள கிரேக்க நாட்டில், வதந்திகளையும் முரண்பட்ட செய்திகளையும் கேட்டு அஞ்சி, ஏறக்குறைய 2,500 தாய்மார்கள் விரும்பித் தாங்கிய கருவைக் கலைத்துவிட்டார்கள் என்று 1987இல் வெளியான மருத்துவ ஆய்வு மதிப்பிட்டது. அங்கே விழுந்த கதிரியக்கத்தால் ஒரு கருவிற்கும் ஊறு நேர்ந்திருக்காது. ஓரிடத்தில் உண்மையைச் சொல்லாததால் குழந்தைகள் நஞ்சுண்டார்கள். மற்றோரிடத்தில் உண்மை தெளிவாக வந்து சேராததால் குழந்தைகள் பிறவாமலே போனார்கள்.

செர்னோபிலால் விளைந்த மிகப் பெரிய பொதுச் சுகாதாரக் கேடு மனநலக் கேடுதான் என்று 2005ஆம் ஆண்டு அறிக்கை கூறிற்று. அதனைப் படித்த சிலர், ‘எல்லாம் மனப்பிரமை என்கின்றார்கள்’ என்று சினந்தனர். நாங்கள் அவ்வாறு கொள்ளவில்லை. 1986இல் ஏறத்தாழ 1,16,000 பேரும், பின்வந்த ஆண்டுகளில் மேலும் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்டோரும் வேரோடு பெயர்க்கப்பட்டார்கள். வேற்றூரில் அவர்களின் பிள்ளைகளோடு பிற பிள்ளைகள் விளையாட அஞ்சினர். சிறு தலைவலி வந்தாலும் ‘இதுதானோ’ என்று நடுங்கி வாழ்ந்தனர். நாமும் ஊரை விட்டு வந்தவர்களே. பிழைப்பிற்காக வந்தோம், மொழி புரியாத கடைவீதியில் கைச்சாடை காட்டிக் கத்தரிக்காய் வாங்கினோம். ஆனால் கோடை விடுமுறைக்கு இரயிலேறினால் மூன்றாம் நாள் நம் வீட்டுத் திண்ணையில் அமரலாம். குலதெய்வம் அங்கே இருக்கின்றது, கிணறு இருக்கின்றது, ‘எப்பொழுது வந்தாய்’ என்று கேட்க ஒருவர் இருக்கின்றார். அவர்களுக்கு அது இல்லாமற் போயிற்று. அதனால்தான் தடையை மீறி ஆயிரத்திற்கும் மேற்பட்ட முதியோர், பெரும்பாலும் பாட்டிமார்கள், தங்கள் சிற்றூர்களுக்கே திரும்பிச் சென்று, உருளைக்கிழங்கு பயிரிட்டு வாழ்ந்தார்கள். அவர்களில் மிகச் சிலரே இன்று எஞ்சியிருக்கின்றனர். 2011இல் ஜப்பானின் புகுஷிமாவிலும், கதிர்வீச்சு கொன்றவர்களைவிட அவசர அவசரமாக இடம் பெயர்ந்ததாலும் அதன்பின் அலைக்கழிந்ததாலும் மாண்டவர்களே மிகப் பலர். அவர்களிலும் முதியோரே மிகுதி.

நிலத்தின் கதை வேறு. அயோடின் போன பின்னரும் சீசியம்-137 போகாது. அது பாதியாவதற்கே 30 ஆண்டுகள். பொட்டாசியம் என்னும் உரச்சத்தின் நெருங்கிய உறவினன் ஆதலால் செடிகள் அதனை உரமென்றே எண்ணி உறிஞ்சும். உழுது உரமிட்ட வயலில் அது விரைவில் குறைந்தது. உழவில்லாத காட்டிலோ இலை உதிர்ந்து, மக்கி, மீண்டும் வேரில் ஏறிச் சுழன்றுகொண்டே இருக்கின்றது. எனவே காளானிலும் காட்டுக் கனிகளிலும் அது நெடுங்காலம் நின்றது. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், பிரிட்டனின் வேல்ஸ் மலைகளில் மழையோடு இறங்கிய சீசியத்தால், 1986இல் விதித்த ஆட்டு விற்பனைக் கட்டுப்பாடு 2012இல்தான் முற்றிலும் நீங்கிற்று. நார்வே, சுவீடன் நாடுகளில் பனிமான் மேய்க்கும் சாமி மக்களின் மந்தைகள் பாசியைத் தின்று நஞ்சேறின. கால்நடைகளுக்குப் ‘பிரஷ்யன் நீலம்’ என்னும் சாயப் பொருளைத் தீவனத்தில் கலந்து கொடுத்தார்கள். அது குடலில் சீசியத்தைப் பற்றிக்கொண்டு சாணத்தோடு வெளியேறிவிடும். ஓவியர் தூரிகையில் தோய்த்த நீலம் மாட்டின் வயிற்றுக்கு மருந்தானது விந்தையே.

உலையின் அண்மையில் இருந்த பைன் மரக்காடு சில நாட்களில் செங்கல் நிறமாகி மடிந்தது. அதனைச் ‘செங்காடு’ என்றனர். ஆயினும் மனிதன் வெளியேறிய அந்த வட்டாரத்தில் இன்று ஓநாயும் கடமானும் காட்டுப்பன்றியும் திரிகின்றன. 1998இல் கொண்டு வந்து விட்ட மங்கோலியக் காட்டுக் குதிரைகளும் பெருகின. பெலாரஸ் பகுதியில் ஓநாய்கள் மற்றைக் காப்பகங்களைவிட ஏழு மடங்கு மிகுந்திருப்பதாக 2015இல் வெளியான ஆய்வு கூறிற்று. பறவைகளை ஆராய்ந்த வேறு சில அறிஞர்களோ, கதிரியக்கம் மிகுந்த இடங்களில் பறவைகள் குறைந்திருப்பதாகவும், குருவிகளில் குறைகள் தோன்றுவதாகவும் எழுதினார்கள். வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. கதிரியக்கம் விலங்கிற்கு நன்மை என்று எவரும் கொள்ள வேண்டா. மனிதனின் துப்பாக்கியும் கலப்பையும் அதனினும் கொடியவை என்பதே அங்குத் தெரிய வருவது.

உடைந்த உலையைச் சில திங்களுக்குள் கான்கிரீட்டால் மூடினார்கள். அது விரிசல் கண்டமையால், 36,000 டன் எடையுள்ள எஃகு வளைவு ஒன்றைத் தனியே கட்டி, 2016 நவம்பரில் தண்டவாளத்தின் மேல் நகர்த்தி, அதன்மீது கவித்தார்கள். நூறு ஆண்டு தாங்கும் என்று கணக்கிட்டார்கள். 2022இல் போர் வந்தது. ரஷ்யப் படை சில வாரம் அந்நிலையத்தைக் கைப்பற்றி வைத்திருந்தது. 2025 பிப்ரவரி 14ஆம் நாள் ஆளில்லா விமானம் ஒன்று மோதி அந்த வளைவில் துளையிட்டது. நூறு ஆண்டிற்கு என்று கட்டியது ஒன்பதாம் ஆண்டிலேயே துளைபட்டது. உள்ளே கிடக்கும் புளுட்டோனியம் பாதியாவதற்கு 24,000 ஆண்டுகள் ஆகும்.

பிரிப்பியத் மக்களில் பணியாளர் பலருக்கு ஸ்லாவுட்டிச் என்னும் புதிய காலனியைக் கட்டித் தந்தார்கள். சோவியத் நாட்டின் எட்டுக் குடியரசுகளிலிருந்து கொத்தரும் தச்சரும் வந்து, ஒவ்வொரு பகுதியையும் தத்தம் நாட்டுப் பாணியில் கட்டினார்கள். நம் காலனியில் ஒரு தெருவில் மார்கழிக் கோலமும் அடுத்த தெருவில் வங்காளியர் பூசையும் காண்பது போல அங்கும் இருக்கும் என்று எண்ணிக்கொள்கின்றோம். பழைய ஊர்க்காரர்களுக்கு, ஈஸ்டர் திருநாளை அடுத்து முன்னோரை நினைக்கும் நாட்களில், விலக்கப்பட்ட வட்டாரத்திற்குள் சென்று தம் பெற்றோர் கல்லறைகளைக் கண்டு வர இசைவு தருவது வழக்கமாக இருந்தது. பேருந்தில் சென்று, புல்லை அகற்றி, உணவு படைத்து, மாலைக்குள் திரும்பிவிட வேண்டும். மற்ற நாட்களில் அங்கே காற்றுதான் காவல்.

பால்காரர் பற்றிய வினாவை நாங்கள் வீணாக விட்டுவிடவில்லை. அடுத்த ஒத்திகையில் பால் கூட்டுறவுச் சங்கத்தாரையும், சுற்றூர்களில் மாடு வைத்திருப்போரையும் சேர்க்க வேண்டும், அறிவிப்பைத் தமிழிலும் இவ்வட்டார மொழியிலும் வீடுதோறும் கொடுக்க வேண்டும் என்று உரியவர்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கின்றோம். பதில் இன்னும் வரவில்லை. மீண்டும் எழுதும் தாளில் உங்கள் கையெழுத்தையும் வேண்டுகின்றோம். அத்தாள் வாசல் மேசையில், சந்தனக் கிண்ணத்திற்கு அருகே இருக்கின்றது. இலை போட்டாகிவிட்டது என்று சமையற்கட்டிலிருந்து சாடை வருகின்றது.